விபத்து நடந்த இடத்தில் நாற்பது பேர் நின்றும் ஒருத்தரும் கை வைப்பதில்லையே, ஏன்?

கேள்வி: 2 ஜூன் 2025, இரவு 9.40

நேற்று சாயங்காலம் பைபாஸில் ஒரு பைக் விபத்து. அடிபட்டவர் ரோட்டோரம் கிடக்கிறார். சுற்றி நாற்பது பேராவது இருக்கும். பாதிப்பேர் கையில் போன். குனிந்து பார்க்க ஒருத்தரும் இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். 108 வந்து தூக்கிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணை ஒருவன் அரை மணி நேரத்துக்கு மேல் விரட்டி விரட்டிக் குத்தினானாம். 38 பேர் ஜன்னலில் நின்று பார்த்தார்களாம், ஒருத்தர்கூட போலீஸைக் கூப்பிடவில்லையாம். தனியாக இருந்தால் மனிதன் உதவுவான், கூட்டமானால் கல்லாகிவிடுவான். இதுதான் என் முடிவு. மறுப்பவர்கள் சொல்லலாம்.

3 ஜூன், காலை 6.10

மறுக்கிறேன். முதலில் அந்த 38 பேரை இறக்கி வைத்துவிடுவோம்.

கொலை நடந்தது 1964 மார்ச் 13, அதிகாலை மூன்றேகால் மணி வாக்கில், நியூயார்க் குவீன்ஸ் பகுதியின் கியூ கார்டன்ஸில். நீங்கள் படித்த கதை இரண்டு வாரம் கழித்து மார்ச் 27 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது. 38 என்ற எண்ணைப் பத்திரிகையின் நகரச் செய்தி ஆசிரியர் ரோசன்தாலுக்குக் கொடுத்தவர் போலீஸ் கமிஷனர், ஒரு மதியச் சாப்பாட்டின்போது.

பின்னால் வழக்குக் காகிதங்களைப் புரட்டியவர்கள் கண்டது வேறு. செய்தியில் மூன்று தாக்குதல், உண்மையில் இரண்டு. முதலாவது தெருவில். மேலிருந்து ஒருவர் "அந்தப் பெண்ணை விடு" என்று சத்தம் போட்டதும் அவன் ஓடினான். அந்தப் பெண் எழுந்து கட்டடத்தின் பின்பக்கமாக நடந்து போனார். ஜன்னலில் நின்றவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. இரண்டாவது தாக்குதல் பின்வாசல் நடைக்குள்ளே. தெருப் பக்கத்து ஜன்னல்களிலிருந்து அது தெரிய வழியே கிடையாது. குளிர் மாதம், நடுராத்திரி, பலருக்கும் கேட்டது ஏதோ ஒரு கூச்சல், அவ்வளவுதான். 911 என்ற எண்ணே அமெரிக்காவில் 1968-இல்தான் வந்தது.

உண்மையிலேயே பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியவர் ஒருவர் இருந்தார். அந்தப் பின்வாசல் நடையின் மேல்படியில் குடியிருந்தவர். கதவைத் திறந்து பார்த்தார், மூடினார், ஒரு சிநேகிதருக்குப் போன் போட்டு "என்ன செய்யலாம்" என்று கேட்டார். அவரை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் அதே கட்டடத்தில் சோஃபியா ஃபரார் என்ற பெண்ணும் இருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் அவன் இன்னும் அங்கே நிற்கிறானா என்றுகூட யோசிக்காமல் கீழே ஓடினார். ஆம்புலன்ஸ் வரும்வரை கிட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அந்தச் செய்தியில் இல்லை. இருந்திருந்தால் கதை நின்றிருக்காது.

3 ஜூன், காலை 6.25

விட்டுப்போனது. அந்தக் கொலைகாரன் எப்படிச் சிக்கினான் தெரியுமா? சில நாள் கழித்து அதே குவீன்ஸில் ஒரு வீட்டிலிருந்து டிவியைத் தூக்கிக்கொண்டு வரும்போது. சந்தேகப்பட்டுப் போலீஸைக் கூப்பிட்டவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். கல் நெஞ்சுக்காரர்கள் என்று ஊரே பேர் வாங்குவதற்குச் சில நாள் முன்னால்தான் அது.

3 ஜூன், இரவு 10.50

கடை சாத்திவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெடிக்கல் வைத்திருக்கிறேன், விழுப்புரத்தில். கூட்டம் கூடுவதும் கலைவதும் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்க்கிற காட்சி. அதனால்தான் இந்த விஷயத்தில் வாய் நீளுகிறது.

"38 பொய்யென்றால், கூட்டம் கூடினால் உதவி குறையும் என்கிற உளவியல் பாடமும் பொய்யா" என்று தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கதை பொய், அதைப் படித்துக் கிளம்பிய ஆராய்ச்சி மெய். டார்லி, லத்தானே என்ற இரண்டு பேர் 1968-இல் கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து மைக்கில் பேசவிட்டார்கள். பேச்சின் நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போலக் குரல் கேட்கும். தான் ஒருவன்தான் கேட்கிறான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அது முடிவதற்குள் எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நம்பியவர்களில் 62 சதவீதம். கேட்பவர்கள் தன்னோடு சேர்த்து ஐந்து பேர் என்று நம்பியவர்களில் 31.

உங்கள் முடிவுக்குச் சாதகம்போல இருக்கிறதா? நாளைக்கு வருகிறேன்.

4 ஜூன், மதியம் 2.30

மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன்.

ஐந்து பேரில் ஒவ்வொருவரும் எழுந்து போக 31 சதவீத வாய்ப்பு என்றால், ஒருத்தரும் போகாமலிருக்க என்ன வாய்ப்பு? 0.69-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 0.16 வரும். ஆக யாராவது ஒருவர் போக 84 சதவீதம். இரண்டு பேர் என்றால் 0.38-ஐ இரண்டு முறை பெருக்கினால் 0.14, யாராவது போக 86. தனி ஆள் 85. விழுந்து கிடப்பவனின் பக்கம் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றேதான்! ஒவ்வொருவரும் சோம்பியதைத் தலை எண்ணிக்கை ஈடுகட்டிவிடுகிறது. உதவி தாமதமாகிறது என்பது வாஸ்தவம். தனி ஆளுக்குச் சராசரி 52 வினாடி, ஐந்து பேரில் ஒருவனுக்கு 166.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சோதனையில் யாரும் யாரையும் பார்க்க முடியாது. ரோட்டில் எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள். அதே ஆட்கள் செய்த இன்னொரு சோதனையில் அறைக்குள் சுவர்த் துவாரம் வழியாகப் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்தபோது? என் பெருக்கல் கணக்குப்படி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு அறைகளிலாவது யாராவது எழுந்திருக்க வேண்டும். எழுந்தது 38 சதவீத அறைகளில்தான். கண் எரிகிறது, இருமல் வருகிறது, புகையைக் கையால் விலக்கிக்கொண்டே கொடுத்த படிவத்தை நிரப்புகிறார்கள். ஒருவன் மற்றவன் முகத்தைப் பார்க்கிறான், அங்கே பதற்றமில்லை. சரி, ஒன்றுமில்லை போல என்று தானும் பதறாமல் இருக்கிறான். அந்த முகத்தைப் பார்த்து முதலாமவனுக்கும் நிம்மதி.

கெடுக்கிறது எண்ணிக்கை இல்லை, முகங்கள். கூட்டம் முதல் ஆளின் முகத்தைப் படித்து அதையே பெருக்குகிறது.

4 ஜூன், இரவு 11.05

இதற்கு நேர் எதிரான காட்சி எங்கள் பஸ் ஸ்டாண்டில் வாரா வாரம் நடக்கிறது. அமெரிக்காவில் சோதனைக்கு வலிப்பை எடுத்தார்கள் பாருங்கள், அதையே இங்கே வைத்துப் பார்க்கலாம்.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் திருவண்ணாமலை பஸ் நிற்கிற இடத்தில் வெட்டி இழுத்து விழுந்தான். விழுந்த சத்தம் கேட்டு நான் தலை தூக்குவதற்குள் "இரும்பு குடுங்கப்பா, இரும்பு!" என்று நாலாபக்கமும் குரல். கண்டக்டர் பையைத் தோளில் தள்ளிவிட்டு இடுப்புச் சாவிக்கொத்தை உருவினார். பூ கட்டுகிற அம்மா அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது, அதை மட்டும் பாதியிலேயே தடுத்துவிட்டார்கள். ஆட்டோக்காரர்கள், காலேஜ் பையன், லாட்ஜ் மேனேஜர் என்று ஆளாளுக்குச் சாவி. பையனின் மூடிய விரல்களைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திணிக்கிறார்கள். வலிப்பு அடங்கிப் பையன் எழுந்து உட்கார்ந்து "என்னாச்சு" என்று கேட்கும்போது அவன் மடியில் பத்துப் பதினைந்து கொத்து. அப்புறம் ஆரம்பித்தது கூத்து. "வேளாங்கண்ணி மாதா படம் போட்டது என்னது." "அதுல சின்னச் சாவி எங்கே?" லாட்ஜ் மேனேஜர் ஆறாம் நம்பர் அறைச் சாவியைக் காணோம் என்று இருட்டும்வரை தேடினார்.

இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கும், பேர் இரும்புக்குப் போகும். ஆனால் இந்த இழையின் கேள்விக்கு அது முக்கியமில்லை. அங்கே நின்றது அதே கூட்டம். பைபாஸில் கைகட்டி நிற்கிற அதே ஆட்கள்தான் அன்றைக்கு ஓடினார்கள். என்ன செய்யவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், செய்தால் பின்னால் ஒரு வம்பும் வராது என்பதும் தெரியும். இந்த இரண்டில் எது முக்கியம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

5 ஜூன், காலை 5.55

இரண்டாவதுதான்.

பாடப்புத்தகம் சொல்கிறது, பொறுப்பு கூட்டத்தில் பங்கு போடப்பட்டு ஆளுக்குக் கொஞ்சமாகிவிடுகிறது என்று. நம் ரோட்டில் நடப்பது தலைகீழ். பொறுப்பு பங்கே போடப்படுவதில்லை. முதலில் யார் தொடுகிறாரோ அவர் தலையில் முழுசாக வந்து விழுகிறது. நாற்பது பேரும் அதைத் தெரிந்துகொண்டுதான் நிற்கிறார்கள்.

என் கதை. பல வருஷத்துக்கு முன்னால், உதவுகிறவரைக் காக்கிற சட்டமெல்லாம் வருவதற்கு முன். பால் கேனோடு சைக்கிளில் போன ஒருவரைக் கார் தட்டிவிட்டு நிற்காமல் போனது. நானும் ஒரு ஆட்டோக்காரரும் பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கவுன்டரில் முதல் கேள்வி: "அட்டெண்டர் யாரு?" நான்தான் தூக்கி வந்தேன் என்றேன். "அப்ப இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, அட்வான்ஸ் கட்டுங்க, இது போலீஸ் கேஸு." பர்ஸில் இருந்ததைக் கட்டினேன். அரை மணியில் அவருடைய மச்சான் வந்து, வந்த வேகத்தில் என் சட்டையைப் பிடித்தார். "ஏன்யா, கண்ணு தெரியாதா உனக்கு, பார்த்து ஓட்டத் தெரியாது?" தூக்கி வந்தவன் இடித்தவன்தான் என்பது அவருக்குச் சந்தேகத்துக்கே இடமில்லாத விஷயம். இடிக்காதவன் எதற்குத் தூக்கி வரப்போகிறான்?

ஆட்டோக்காரர் பேசித் தீர்த்தார். அப்புறம் ஸ்டேஷன், வாக்குமூலம், கோர்ட்டில் சாட்சி சம்மன், வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். இப்போதும் கடைக்கு வருவார், சுகர் மாத்திரைக்கு. கடன் சொல்லமாட்டார்.

5 ஜூன், காலை 9.20

"தூக்கி வந்தவன்தான் இடித்தவன்" என்பது எங்கள் ஊர் மச்சானின் கண்டுபிடிப்பு என்று நினைக்கவேண்டாம். ஒரு நீதிமன்றமே அப்படி எழுதியிருக்கிறது. சீனாவின் நான்ஜிங் நகரில் 2006-இல் பஸ் நிறுத்தத்தில் ஒரு மூதாட்டி விழுந்து எலும்பு முறிந்தது. தூக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கூடப் போன இளைஞர் மேலேயே அவர் வழக்குப் போட்டார். நீ மோதியிருக்காவிட்டால் இந்த அளவுக்கு ஏன் உதவப்போகிறாய் என்ற ரீதியில் வாதம் எழுதி, செலவில் 40 சதவீதத்தைக் கட்டச் சொல்லி 2007-இல் தீர்ப்பு வந்தது. நாடே கொதித்தது. உண்மையில் மோதல் நடந்தது என்று அந்த இளைஞர் ஒப்புக்கொண்டதாகப் பல வருஷம் கழித்துச் செய்தி வந்தது, ஆனால் அதற்குள் பாடம் ஜனங்கள் மண்டையில் ஏறிவிட்டது: கீழே கிடப்பவரைத் தொடாதே.

2011 அக்டோபரில் ஃபோஷான் நகரில் இரண்டு வயதுக் குழந்தை மேல் வண்டி ஏறியது. 18 பேர் அந்தக் குழந்தையைத் தாண்டிப் போனது கேமராவில் பதிவாகியிருக்கிறது. கடைசியில் இழுத்து ஓரமாகப் போட்டு உதவி கேட்டவர் பழைய சாமான் பொறுக்குகிற ஒரு பெண். குழந்தை பிழைக்கவில்லை. அந்த 18 பேரும் கூட்டமாக நின்றவர்கள் இல்லை, ஒவ்வொருவராக வந்து போனவர்கள். "தனியாக இருந்தால் மனிதன் உதவுவான்" என்ற உங்கள் பாதி முடிவும் இங்கே அடிவாங்குகிறது.

5 ஜூன், இரவு 11.30

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "சட்டப் பயம் என்பது நொண்டிச் சாக்கு. நுங்கம்பாக்கத்தில் எந்தச் சட்டத்துக்குப் பயந்தார்கள்?"

2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அரிவாளோடு நிற்பவன் முன்னால் பாயாததற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். அந்தச் சில வினாடியில் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டு மணி நேரம் போல உடல் மேடையிலேயே கிடந்தது, ஒரு துணிகூடப் போர்த்தவில்லை. உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து கேட்ட கேள்வி அது. அப்போது அங்கே அரிவாள் இல்லை, ஆபத்து இல்லை. பயணிகள் நினைத்திருப்பார்கள், இது போலீஸ் வேலை என்று. ரயில்வே போலீஸ் கையில் இருந்த வழக்கு பிறகு நகரப் போலீசுக்கு மாறியது. சீருடை போட்டவர்களும் நாலு பேர் சேர்ந்தால் கூட்டம்தான்.

6 ஜூன், மதியம் 3.15

நேற்று ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் கடுமை. போர்த்தாததற்கும் "எதையும் தொட்டால் தடயம் கலையும்" என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். டிவி பார்த்துப் பார்த்து அது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் உறுத்தல் போகவில்லை, இருக்கட்டும்.

சண்டை நடக்கிற இடத்தில் யாருமே குறுக்கே போகமாட்டார்கள் என்பதும் சரியில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்களின் தெருக் கேமராப் பதிவுகளில் 219 சண்டைகளை எடுத்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், சில வருஷத்துக்கு முன். பத்துக்கு ஒன்பதில் யாராவது ஒருவர் விலக்கிவிடப் போயிருக்கிறார். ஆள் கூடக்கூட விலக்க வருபவர் கிடைக்கிற வாய்ப்பும் கூடியிருக்கிறது. கேப் டவுன் ஒன்றும் சாதுவான ஊர் இல்லை. எங்கள் பஸ் ஸ்டாண்ட் கேமராவைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். சில்லறைத் தகராறில் கண்டக்டர் சட்டையை ஒருவன் பிடித்தால் போதும், விலக்கிவிட வருகிற கூட்டத்தில் சண்டைக்காரர்களைத் தேடவேண்டியிருக்கும்.

6 ஜூன், இரவு 10.40

"குடிகாரனுக்கு ஏன் உதவணும்" என்று ஒரு கிளைச் சண்டை ஓடுகிறது மேலே. அதற்குள் நானும் விழுகிறேன்.

1969-இல் வெளியான ஆய்வு ஒன்று, நியூயார்க் சுரங்க ரயிலில் நடத்தியது. ஓடுகிற பெட்டியில் ஒருவர் சரிந்து விழுவார். கைத்தடியோடு விழுந்தபோது 65 தடவையில் 62 தடவை யாராவது தானாக எழுந்து வந்தார்கள். சாராய வாடையும் கையில் பாட்டிலுமாக விழுந்தபோது 38-க்கு 19. அதே நியூயார்க், அதே கூட்டம், கிட்டி கொலை நடந்து சில வருஷம்தான். பெட்டியில் ஆள் அதிகம் என்பதால் உதவி குறையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு அந்த 19-கூட ஆச்சரியம்தான். எங்கள் ஊரில் "சரக்கு" என்று ஒருவர் வாயிலிருந்து வந்தால் கூட்டம் மறு நிமிடமே கலைந்துவிடும்.

அதில்தான் ஆபத்து. கடைப் படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து தலை தொங்கிப்போய்க் கிடந்தார். சட்டை முழுக்க வியர்வை, பேச்சு குழறுகிறது, எழுப்பினால் கையைத் தட்டிவிடுகிறார். "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்திருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மூக்கை நீட்டிப் பார்த்தேன், வாடை இல்லை. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 42, ரொம்பக் கீழே. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறியிருக்கிறார். விழுங்குகிற நினைவு இருந்ததால் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு "செஞ்சி பஸ் போயிடுச்சா தம்பி" என்றார். என் இடத்தில் மளிகைக் கடைக்காரர் இருந்திருந்தால் அவரும் சரக்கு என்றுதான் நினைத்திருப்பார். மிஷின் என் மேசையில் இருந்தது, அதுதான் வித்தியாசம்.

7 ஜூன், காலை 6.30

சிரிக்க ஒன்று. 1973-இல் வெளியானது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கிற மாணவர்களை வைத்து டார்லியும் பேட்சன் என்பவரும் செய்தது. சிலருக்குக் கொடுத்த வேலை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப் பராமரித்த நல்ல சமாரியனைப் பற்றிப் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசவேண்டும். போகிற வழியில் ஒரு ஆளை இருமிக்கொண்டு சுருண்டு உட்கார வைத்திருந்தார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் நின்றார்கள். "ஐயோ, நேரமாச்சு, ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் 10. பேசப்போகிற தலைப்பு எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேச ஓடியவர்களில் சிலர் அந்த ஆளைக் காலால் தாண்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

காலை எட்டரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழாதீர்கள். பதினொன்றுக்கு மேல் விழுங்கள்.

7 ஜூன், மதியம் 2.45

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து நேராகக் கேட்டிருக்கிறார்: "அடுத்த தடவை நான் தொட்டால் என்ன ஆகும்? உங்களுக்கு ஆனதேதானா?"

இல்லை. எனக்கு நடந்ததில் முக்கால்வாசி இன்றைக்குச் சட்டப்படி நடக்கக்கூடாது.

1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது: போலீஸ் கேஸோ என்னவோ, எந்த டாக்டரும் முதலில் உயிரைக் காப்பாற்றவேண்டும், காகிதம் பிறகு. ஸ்கூட்டரில் அடிபட்ட ஒருவரை முதல் ஆஸ்பத்திரி எடுக்காமல், இம்மாதிரி கேஸ் பார்க்க அனுமதி உள்ள இடம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அனுப்ப, வழியிலேயே அவர் இறந்த செய்தியைப் பார்த்துப் போட்ட வழக்கு அது. ஆனால் தூக்கி வந்தவரைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. அதற்கு சேவ்லைஃப் என்ற அமைப்பு 2012-இல் வழக்குப் போடவேண்டியிருந்தது. 2013-இல் அவர்கள் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 74 பேர் உதவ வாய்ப்பில்லை என்றார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ், கோர்ட் அலைச்சல். நொண்டிச் சாக்கு என்ற நண்பர் இதைப் பார்க்கவேண்டும்.

2016 மார்ச் 30 அன்று உச்சநீதிமன்றம் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவே வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவி, அதில் கைத்தவறு நேர்ந்தாலும் உங்கள் மேல் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. பேர், விலாசம் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக்கூடாது. கொண்டுபோய்ச் சேர்த்ததும் கிளம்பலாம். நீங்களாக விரும்பினால் மட்டும் சாட்சி. இந்த உரிமைகளை ஆஸ்பத்திரி வாசலில் எழுதி வைக்கவேண்டும் என்பதும் விதி. உங்கள் ஊரில் எத்தனை வாசலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். நான் பார்த்தவரை போர்டு இருக்கிற இடங்களில் அதன் முன்னால் பூந்தொட்டி இருக்கிறது.

பணத்துக்கும் பயப்படவேண்டாம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு செலவு. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்தும். "அட்வான்ஸ்" என்று கேட்டால் "நாற்பத்தெட்டு" என்று சொல்லிப் பாருங்கள்.

7 ஜூன், இரவு 11.10

சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் பைபாஸில் நாற்பது பேர் நிற்கிறார்களே? நிற்பார்கள். சட்டம் அவர்கள் காதுக்கு வரவில்லை. மச்சான் சட்டையைப் பிடித்த கதை மட்டும் ஊர் முழுக்க வந்துவிட்டது.

பாருங்கள், எங்கள் பக்கம் முதலில் குனிபவர் யார்? பெரும்பாலும் ஆட்டோ ஸ்டாண்டு ஆள். அவரைப் போலீசுக்கும் தெரியும், முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறவர்களுக்கும் தெரியும். "நீ இடிச்சியா" என்று அவரை யாரும் கேட்கப்போவதில்லை. டை கட்டின ஆபீஸர் குனியமாட்டார். மனசு கெட்டவர் என்பதால் இல்லை, அந்த இடத்தில் அவருக்கு யாரையும் தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மீனவர்கள் படகைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தார்களே, அதுவும் இப்படித்தான். தண்ணீர் அவர்களுக்குப் பழக்கம், படகு இருந்தது, கேள்வி கேட்க ஆள் இல்லை.

அதனால் கூட்டத்தில் நிற்க நேர்ந்தால் நான் செய்வது ஒன்றுதான். "யாராவது 108-க்குப் போடுங்க" என்று சொல்வதில்லை. யாராவது என்றால் ஒருவரும் இல்லை. "நீலச் சட்டை தம்பி, நீ 108 போடு. போட்டுட்டு என்கிட்ட சொல்லு. அக்கா, அந்தப் பையைப் பிடிங்க. நீங்க ரெண்டு பேரும் வண்டியை மறிங்க." இப்படி ஆள் காட்டிச் சொன்னால் முடியாது என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. நிற்கிறவர்கள் காத்திருப்பதே யாராவது சொல்லட்டும் என்றுதான்.

8 ஜூன், காலை 7.00

பல பேர் கேட்டதால் சுருக்கமாக. வலிப்பு என்றால்: சாவி வேண்டாம், வாயில் எதையும் திணிக்கவேண்டாம், கையைக் காலை அமுக்கவேண்டாம். பக்கத்தில் இருக்கிற கல்லை, கம்பியை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மடித்த துண்டு, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. விபத்து என்றால்: மூச்சு இருக்கிறதா, ரத்தம் பீறிடுகிறதா பாருங்கள். பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கழுத்தை மடக்காதீர்கள், மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பூ கட்டுகிற அம்மாவிடம் சாவி விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "நீ மாத்திரை விக்கிறவன், அப்படித்தான் சொல்லுவ" என்றது.

8 ஜூன், இரவு 10.20

கடைசியாக அந்தப் பரிசு. ஒருவர் "தூக்கிப் போனால் 25,000 ரூபாயாமே, இனிமேல் அடிபட்டவரைத் தூக்க அடிதடி நடக்கும்" என்று எழுதியிருக்கிறார். 2021-இல் 5,000 ரூபாயாகத் தொடங்கியது, இப்போது 25,000. முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைக் காப்பாற்றியவருக்கு. ஆனால் அதை வாங்கப் போலீஸ் ஒரு சான்று எழுதி, மாவட்டக் குழுவுக்கு அனுப்பவேண்டும். அந்தச் சான்றில் உங்கள் பேர், விலாசம், போன் எல்லாம் இருக்கும். ஸ்டேஷனுக்குப் பயந்து பேர் சொல்லாமல் கிளம்புகிறவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

ஸ்டாண்டில் இதைப் படித்துக் காட்டினேன். வழக்கமாக முண்டியம்பாக்கத்துக்கு ஓட்டுகிற தம்பி சொன்னது: "இருபத்தஞ்சாயிரம் எல்லாம் பெரிய மனுஷங்களுக்குண்ணே. அன்னிக்கு சவாரி போச்சு, சீட்டெல்லாம் ரத்தம், கழுவி காயவெக்க அரை நாளு. அதுக்கு ஒரு ஐந்நூறு ஆஸ்பத்திரி கவுன்டர்லயே குடுத்துட்டா போதும்."

சீட் ரத்தத்துக்கு அவர் சுடுதண்ணீர் ஊற்றுகிறாராம். ஊற்றவேண்டாம் என்றேன், கறை இறுகிவிடும். பச்சைத்தண்ணீர், பிறகு சோப்பு. ரெக்சின் தையலுக்குள் இறங்கியிருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம், கடையில் இருக்கிறது, அவருக்குக் காசு இல்லை. ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.